கிணற்றுக்குப் போட்ட தூள்

கிருமி என்றால் கொல்லவேண்டும் என்று எங்கள் பகுதிப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். வேறு யாரையும் ஏசுவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும். ஏச வேண்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய முறையும் வரும்.

சண்டிலிப்பாய்ப் பக்கத்துக்கு நான் அரசாங்க மருத்துவிச்சி. பெயர் ஞானாம்பிகை. ஆனால் சைக்கிளில் போகும் என்னை ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் நான் 'மிஸ்ஸி'. தொண்ணூற்றொன்றாம் ஆண்டு மாரியில் ஊரெல்லாம் வயிற்றோட்டம். கிணறுகளுக்குப் போடுவதற்காகக் குளோரின் தூள் வந்தது. பிள்ளையார் கோவில் மடத்தில் பெண்களைக் கூட்டி வைத்து நான் பேசினேன். பேச்சு என்றால் எனக்கு வெல்லம்.

"கண்ணுக்குத் தெரியாத எதிரி இது," என்றேன். "இந்தத் தூளிலை ஒரு கரண்டி போட்டால் ஒரு கிருமியும் மிஞ்சாது. துப்பரவா இருங்கோ. வருத்தம் வாசல் படலையடிக்கும் வராது."

நல்லாய்த்தான் பேசினேன். வயிற்றோட்டமும் நின்றது. மிஞ்சிய தூளை ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பால்மா டின்னில் பகிர்ந்து கொடுத்தோம். அந்த டின்களில் ஒன்று இராசமலர் வீட்டுக்கும் போனது.

இராசமலருக்கு இருபத்தாறு வயது. வாய் திறந்து ஒரு சொல் அதிகம் கதைக்காத பெண். வீடு அவளுக்குச் சீதனமாக வந்தது. புருஷன் தில்லைநாதனுக்குக் கொழும்பில் ஒரு இரும்புக்கடையில் வேலை. சண்டையால் பாதை பூட்டிய காலம் என்பதால் நினைத்தபோதெல்லாம் வர முடியாது. கிளாலிக் கடலால் படகில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஆறு ஏழு மாதத்துக்கு ஒரு தடவை வருவான். தொண்ணூற்றுமூன்று தைப்பொங்கலுக்கு வந்துபோனான். இராசமலருக்கு வயிற்றில் தங்கியது. மருமகளைப் பார்த்துக்கொள்ளவென்று மாமியார் செல்வநாயகி பெட்டியோடு வந்து அந்த வீட்டில் குடியேறினாள்.

செல்வநாயகிக்குத் துப்பரவு என்றால் பைத்தியம். கிணற்றுக் கயிற்றையும் கழுவுகிற மனுஷி. கீரிமலைத் தீர்த்தக் கேணி அப்போது ஆமிக்காரனுடைய பக்கத்தில் இருந்தது. இல்லாவிட்டால் மருமகளை மாதம் ஒருமுறை அங்கே கொண்டுபோய் முழுக வைத்திருப்பாள்.

ஐந்தாம் மாதம் கிளினிக்குக்கு வந்தபோது இராசமலர் எல்லாரும் போகுமட்டும் வாங்கில் குந்தியிருந்தாள். பிறகு என் மேசைக்கு வந்து, தலையைக் குனிந்துகொண்டு, காதுக்குள் சொல்வதுபோலச் சொன்னாள்.

"மிஸ்ஸி, எனக்கு வெள்ளை படுது. நாறுதெண்டு மாமி சொல்லுறா."

பிள்ளைத்தாச்சிக்கு வெள்ளை படுவது வழமை. நாற்றம் இருந்தால்தான் பார்க்க வேண்டும். அவளைப் படுக்க வைத்துப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடம் போயிருக்கும். ஆனால் அன்றைக்குக் குண்டு போடும் பிளேன் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு வீட்டுக்குப் போகிற அவசரம். கொப்பியை மூடிக்கொண்டே சொன்னேன்.

"அது ஒண்டுமில்லைப் பிள்ளை. துப்பரவா இரும்."

துப்பரவா இரும். இவ்வளவுதான் சொன்னேன். அவள் "ஓம் மிஸ்ஸி" என்று போய்விட்டாள்.

பிறகு புரட்டாசியில் அவளுடைய வீட்டுக்குப் போனேன். எட்டு மாதம் தாண்டியிருந்தது. தில்லைநாதன் வந்து மூன்று கிழமை. முற்றத்தில் வெள்ளைச் சாரத்தோடு உலாவிக்கொண்டிருந்தவன், "வாங்கோ மிஸ்ஸி" என்று கதிரை எடுத்துப் போட்டான். இராசமலர் உள்ளேயிருந்து வந்தாள். கால்களை அகட்டி வைத்து, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"என்ன பிள்ளை, நோகுதோ?"

அவள் மாமியாரைப் பார்த்தாள். நான் செல்வநாயகியைத் தேத்தண்ணி போட அனுப்பிவிட்டு, அறைக் கதவைச் சாத்தினேன். அவளைப் படுக்க வைத்துப் பார்த்தேன். இருபது வருடத்தில் நான் பார்க்காதது குறைவு. ஆனாலும் வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன். அவ்வளவு புண். மூத்திரம் பெய்யவே அழுதிருப்பாள்.

"எத்தினை நாளா?"

"பத்து நாள். முதல் காய்ச்சலும் அடிச்சது."

"ஏன் சொல்லி அனுப்பேல்லை?"

"என்னெண்டு சொல்லுறது மிஸ்ஸி?"

சரிதான். அந்த இடத்துக்கு எங்கள் ஊரில் வாயால் சொல்லக்கூடிய ஒரு பெயரே கிடையாது. ஏச்சுக்கு மட்டும் பெயர் இருக்கிறது. "என்ன போட்டுக் கழுவினனீர்?" என்று கேட்டேன். கட்டிலுக்குக் கீழே கையை விட்டு, ஒரு பால்மா டின்னை எடுத்துக் காட்டினாள். பார்த்ததும் தெரிந்தது. நான் கொடுத்த டின்.

"பொருளாதாரத் தடையாலை சவுக்காரம் இல்லைத்தானே. மருதனார்மடச் சந்தை முழுக்கத் தேடிப் பாத்திட்டா மாமி. பனங்காயாலை உடுப்புத்தான் தோய்க்கலாம். இதெண்டால் ஒரு கிருமியும் மிஞ்சாதெண்டு நீங்கள் தானே மடத்திலை சொன்னனீங்கள். துப்பரவா இருக்கவும் சொன்னனீங்கள். ஒவ்வொரு நாளும் விடிய ஒரு கரண்டி கரைச்சு, உள்ளுக்கும் ஊத்திக் கழுவிறனான். நாலு மாசமா ஒரு நாள் விடேல்லை."

ஒரு நாள் விடவில்லை என்றதை, பாடம் சரியாய்ச் செய்த பிள்ளை மாதிரிச் சொன்னாள். எனக்குப் பூமி பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்றிருந்தது. கிணற்றுக்குப் போடுகிற தூளை ஒரு பெண் நாலு மாதமாகத் தன் உடம்புக்குள் ஊற்றியிருக்கிறாள். சொன்னவள் நான்.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் கிளினிக்குக்கு டொக்டர் பெர்னடெட் வருவார். கட்டை உருவம், கணீரென்ற குரல். இராசமலரை மாட்டுவண்டியில் கொண்டுபோய்க் காட்டினேன். தில்லைநாதனும் வந்து வெளியே நின்றான். டொக்டர் நீண்ட நேரம் பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார்.

"மிஸ்ஸி, உமக்குத் தயிர் போடத் தெரியுமோ?"

"தெரியும் டொக்டர்."

"பாலுக்கை உறை மோர் விட்டால் புளிக்கும். அந்தப் புளிப்பு இருக்குமட்டும் வேறை கிருமி அதுக்கை குடியேற ஏலாது. அப்பிடித்தான் பொம்பிளையின்ரை உடம்பிலை அந்த இடமும். உறை மாதிரிச் சில நல்ல கிருமியள் பெரியபிள்ளை ஆன நாளிலையிருந்து காவலுக்கு நிக்கும். அதுகள்தான் புளிப்பை வைச்சிருக்கும். இவள் நாலு மாசமா அந்தக் காவலை வாளி வாளியா ஊத்திச் சாகடிச்சுப் போட்டாள். நாத்தம் முதல் இருந்ததோ தெரியாது. கழுவக் கழுவக் கட்டாயம் வந்திருக்கும். வந்தவுடனை இன்னும் கழுவியிருப்பாள்."

"அப்ப புண் அந்தத் தூளாலையோ?"

"அதுதான் பிரச்சினை. தூள் பட்டு வெந்த புண்ணாயும் இருக்கலாம். ஒரு வைரஸ் கிருமியும் இப்பிடிச் செய்யும். அது தானா வராது, ஆம்பிளையிட்டையிருந்து வரும். காவல் இல்லாத இடத்திலை லேசா ஏறும். ரெண்டையும் பிரிச்சுப் பாக்க இஞ்சை ஒரு வசதியும் இல்லை. கொப்புளமாத் தொடங்கினதோ எண்டு கேட்டன், தான் பாக்கேல்லை எண்டிறாள்."

"எதெண்டாலும் மருந்து போடலாந்தானே?"

"பிள்ளையை யோசியும்," என்றார் டொக்டர். "வெந்த புண்ணெண்டால் ஆறிப்போம், அவள் சாதாரணமாப் பெறலாம். வைரஸெண்டால் புண் ஆறினாலும் கிருமி அங்கைதான் இருக்கும். தாய்க்கு இப்பதான் முதல் தடவை வந்திருக்கு. எதிர்க்கிற சக்தி பிள்ளைக்குப் போக நாள் காணாது. அந்த வழியாலை பிள்ளை வந்தால் அரைவாசி தப்பாது. தப்பினாலும் மூளை போம். அப்ப வயித்தை வெட்டித்தான் எடுக்கோணும். ஆனா மயக்க மருந்து வன்னியாலை வந்து சேருற நிலைமை உமக்குத் தெரியும். ஷெல் பட்டுக் கொண்டுவாற ஆக்களுக்கே காணாது. சும்மா சந்தேகத்திலை ஒரு பெட்டையை நான் ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகேலாது. அந்த மனுசனைக் கூப்பிடும்."

தில்லைநாதன் வந்தான். டொக்டர் சுற்றி வளைக்கவில்லை.

"தம்பி, உமக்குக் கொழும்பிலை உப்பிடிப் புண் வந்ததோ?"

"இல்லை."

"வேறை பொம்பிளையளிட்டைப் போனனீரோ? நான் பொலிஸ் இல்லை. பிள்ளைக்காகக் கேக்கிறன்."

"இல்லை டொக்டர். எங்கடை குடும்பம் அப்பிடிப்பட்டதில்லை."

"வடிவா யோசிச்சுச் சொல்லும்."

"இல்லை எண்டால் இல்லை."

மூன்று 'இல்லை'. சத்தியவான் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னான். டொக்டர் பெருமூச்சு விட்டு, கிளினிக் மட்டையில் 'சாதாரணப் பிரசவம்' என்று எழுதினார்.

வீட்டுக்குத் திரும்பினால் வாசல் படலையில் செல்வநாயகி. "டொக்டர் என்ன சொன்னவ? உவள் துப்பரவில்லாமல்தானே இது வந்தது? நான் அண்டைக்கே சொன்னனான், நாறுதெண்டு." பக்கத்து வேலியில் இரண்டு தலை எட்டிப் பார்த்தது. அது தெரிந்துதான் உரத்துச் சொன்னாள். இராசமலர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள். தில்லைநாதன் தாயை ஒரு சொல் தடுக்கவில்லை. வண்டிக்காரனுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை திரும்பவும் போனேன். புண் கொஞ்சம் ஆறியிருந்தது. "இப்ப பரவாயில்லை மிஸ்ஸி," என்றாள் இராசமலர். கழுத்துவரை வெட்கமும் சந்தோஷமுமாய் ஒரு சிரிப்பு. "அவர் கொழும்பிலையிருந்து எனக்கெண்டு பூசிற ஒயின்மென்ற் ஒண்டு கொண்டுவந்தவர். எத்தினை ஆமிச் சென்றியிலை மறிச்சுச் சோதிக்கிறாங்கள், மருந்தெண்டால் பறிப்பாங்களெல்லே. அதையும் ஒளிச்சுக் கொண்டுவந்திருக்கிறார். புண் வந்த முதல் நாளே எடுத்துத் தந்தவர். நல்ல மனுசன் மிஸ்ஸி."

நான் கையை நீட்டினேன். "எங்கை, காட்டும் பாப்பம்."

தலையணைக்குக் கீழேயிருந்து எடுத்துத் தந்தாள். சின்னக் குழாய். அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டிப் பாதிக்கு மேல் பிதுக்கியாகிவிட்டது.

"நீர் எவ்வளவு பூசினனீர்?"

"ஒரு நாளைக்கு ஒரு பொட்டுத்தான். முடிஞ்சுபோமெண்டு பயம். தரேக்கையே உவ்வளவுதான் இருந்தது."

குழாயில் கொழும்பு மருந்துக்கடை ஒன்றின் சீட்டு ஒட்டியிருந்தது. அதில் ஒரு பெயர், ஒரு திகதி. பெயர் அவளுடைய பெயர் இல்லை. திகதி மே மாதம். புரட்டாசியில் மனைவிக்கு வரப்போகிற புண்ணுக்கு வைகாசியிலேயே மருந்து வாங்கிய புருஷனை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"இதை டொக்டரிட்டைக் காட்டிப் போட்டுத் தாறன்," என்று வாங்கிக்கொண்டு, சைக்கிளை எடுத்தேன். வழியெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனுக்குத் தெரிந்திருக்கிறது. வரும்போதே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் படுத்தான். தெரிந்தும் டொக்டருக்கு முன்னால் நின்று 'இல்லை' என்றான். அவள் நாறுகிறாள் என்று தாய் ஊருக்குச் சொல்லும்போது கேட்டுக்கொண்டு நின்றான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் செய்தவன் மருந்தும் கொடுத்து நல்ல பெயரும் வாங்கிவிட்டான்.

டொக்டர் பெர்னடெட் குழாயை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது வேறை ஒண்டுக்கும் பூசிற மருந்தில்லை, மிஸ்ஸி. அந்த வைரஸுக்குத்தான்," என்றார். "ஆனா அவன்ரை வாயாலை வரட்டும். எனக்கு மட்டையிலை எழுதோணும்."

வெள்ளிக்கிழமை அவனைக் கூப்பிட்டோம். குழாயை மேசைக்கு நடுவில் நிமிர்த்தி வைத்தார் டொக்டர்.

"உது..." என்றான். "உது ஒரு சினேகிதன் தந்தது."

"சினேகிதன்ரை பேரும் தில்லைநாதனோ?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்கு இப்போது சோறும் இல்லை. நிலத்தைப் பார்த்தான். "அம்மாவுக்குத் தெரியக்கூடாது டொக்டர்," என்றான். முதலில் வந்த வார்த்தை அதுதான். பெண்சாதிக்கு என்ன, பிள்ளைக்கு என்ன என்று கேட்கவில்லை. அம்மாவுக்குத் தெரியக்கூடாதாம்!

எனக்கு வாயை அடக்க முடியவில்லை. "உம்முடைய அம்மா உம்மைத் துப்பரவாத்தான் வளர்த்தா தம்பி. வெளிப்பக்கம் மட்டும்," என்றேன். டொக்டர் என்னைப் பார்த்தார், ஆனால் தடுக்கவில்லை.

"எப்ப வந்தது?" என்று அவனைக் கேட்டார்.

"சித்திரையிலை. பிறகு ஒருக்கா, இஞ்சை வர முதல். மாறிட்டுதெண்டு நினைச்சன்."

"அது மாறாது. அடங்கிக் கிடக்கும். உமக்கும் சாகுமட்டும், இனி அவளுக்கும் சாகுமட்டும்." டொக்டர் மட்டையை எடுத்து, முதல் எழுதியதைக் குறுக்கே வெட்டினார்.

இராசமலருக்கு யார் சொல்வது? டொக்டர் சொல்லவிருந்தார். நான் சொல்கிறேன் என்றேன். தூளைக் கொடுத்தவள் நான். இதையும் நான்தான் கொடுக்கவேண்டும். ஒப்பரேஷனுக்காகச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். காவல் கிருமி, உறை மோர், நான் அவசரத்தில் சொன்ன 'துப்பரவா இரும்', கொழும்பு, குழாயில் இருந்த பெயர், மே மாதம். அவள் அழுவாள் என்று கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அழவில்லை.

"அப்ப என்னிலை நாத்தம் இல்லையோ, மிஸ்ஸி?"

அதைத்தான் கேட்டாள். புருஷன் வேறு பெண்ணிடம் போனதை இல்லை. தனக்கு ஆயுள் முழுக்க இருக்கப்போகிற வருத்தத்தை இல்லை. இந்தப் பெண்ணை எல்லாருமாகச் சேர்ந்து என்ன செய்துவைத்திருக்கிறோம் என்று எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. "இல்லையம்மா," என்றேன். "உம்மிலை ஒரு நாத்தமும் இருக்கேல்லை. உம்முடைய உடம்பு தன்ரை வேலையைச் சரியாத்தான் செய்துகொண்டிருந்தது. நாங்கள்தான் குழப்பினனாங்கள்."

இரண்டு நாளில் ஜெனரேற்றர் வெளிச்சத்தில் வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை. மூன்று கிழமை ஒவ்வொரு நாளும் அதன் தோலை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். ஒரு கொப்புளமும் இல்லை. பால் குடித்தது, கத்தியது, கொழுத்தது.

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு. பிள்ளை பெற்ற வீட்டுத் தீட்டை ஐயர் வந்து கழித்துவிட்டுப் போகிற நாள். எனக்கும் சொல்லியிருந்தார்கள். ஐயர் மாவிலையால் வீடெல்லாம் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார். சொந்தக்காரர் பத்துப் பன்னிரண்டு பேர் பந்திக்குக் காத்திருந்தார்கள். தில்லைநாதன் சந்தனப் பொட்டோடு வாழையிலை வெட்டிக்கொண்டிருந்தான். இராசமலர் தோய்ந்து, தலை ஈரத்தோடு, பிள்ளையை வைத்துக்கொண்டு கிணற்றடியிலிருந்து வந்தாள்.

செல்வநாயகி வழியை மறித்தாள். கையில் ஒரு வாளி. கிட்டப் போகமுன்பே அதன் மணம் என் மூக்கில் அடித்தது. வீட்டில் இருந்த டின்னை நான் எடுத்துவிட்டேன். பக்கத்து வீட்டில் ஒன்று இருந்திருக்கிறது.

"ஐயர் தெளிச்சது வீட்டுக்கு," என்றாள் செல்வநாயகி, எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக. "உள்துடக்கு அதாலை போகாது. துப்பரவில்லாமல்தானே வயித்தை வெட்டவேண்டி வந்தது. போய் இதாலை கழுவிப் போட்டு உள்ளை வா."

நான் எழுந்தேன். இராசமலர் என்னைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் தலையை அசைத்தாள். பிள்ளையை இடது தோளுக்கு மாற்றினாள். அவள் அவ்வளவு உரத்துக் கதைத்ததை அந்த ஊரில் ஒருவரும் அதற்கு முன் கேட்டிருக்க மாட்டார்கள்.

"அந்த வாளியை உங்கடை மகனிட்டைக் குடுங்கோ மாமி."

"என்னடி?"

"துடக்கு எனக்கில்லை. அவர் கொழும்பிலையிருந்து கொண்டுவந்தது. கழுவிறதெண்டால் முதல் அவரைக் கழுவுங்கோ. அதுவரைக்கும் என்ரை வீட்டுக்குள்ளை அவர் வரப்படாது."

செல்வநாயகி மகன் பக்கம் திரும்பினாள். "என்ன விசர்க்கதை கதைக்கிறாள் இவள்? இல்லையெண்டு சொல்லடா."

தில்லைநாதன் கையில் வாழையிலையோடு நின்றான். எங்களுக்கு முன்னால் மூன்று தடவை தயங்காமல் சொன்ன சொல் அது. அன்றைக்கு அது அவன் வாயில் வரவில்லை.

இராசமலர் மாமியாரைச் சுற்றிக்கொண்டு பிள்ளையோடு உள்ளே போனாள். செல்வநாயகியின் கையிலிருந்த வாளியை நான் வாங்கி, வேலிக்கு அப்பால் கொண்டுபோய் ஊற்றினேன். அந்தத் தூளை ஊருக்குள் கொண்டுவந்தவள் நான்தானே.